கெண்டி வீடு

ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் தெருவுக்கு வந்து கெண்டி வீடு எது என்று கேட்டால், தமிழ் தெரியாத சைக்கா ரிக்‌ஷாக்காரன்கூட மைமூன் லாத்தா வீட்டைத்தான் கைகாட்டுவான். பள்ளிவாசல் முற்றத்தை ஒட்டிய கீழ்வீடு, பச்சைக் கதவு. எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அந்தக் கதவைப் பார்த்தபடிதான் நான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன். அல்லாஹ் எனக்குக் கொடுத்த சோதனைகளில் அந்தக் கதவும் ஒன்று.

கெண்டி என்றால் வைரம் பதித்ததெல்லாம் இல்லை. மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம், அவ்வளவுதான். கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்த யாரோ கையோடு கொண்டுவந்தது. நாகூர் ஆண்டவர் பெயரில் கந்தூரி நடக்கும் நாளில் மட்டும் அதை வெளியே எடுப்பார்கள். முற்றத்தில் பாய் விரித்து, நெய்ச்சோறும் கறியும் குவித்த அகலமான சஹன் தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்காருவார்கள். சாப்பாட்டில் கை வைக்கும் முன் ஒவ்வொருவர் கைக்கும் அந்தக் கெண்டியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர்தான் எங்கள் ஜமாஅத்தின் தலைவர்.

ஓட்டெடுப்பு கிடையாது, கைதூக்குவது கிடையாது. கப்பல் முதலாளி கைக்கும் ஊற்ற வேண்டும், வாசலில் கையேந்துகிறவன் கைக்கும் ஊற்ற வேண்டும். கடைசி ஆள் எழுந்த பிறகுதான் தலைவர் உட்காரலாம். அப்போது அவர் கைக்கு யார் ஊற்றுவது? அங்கேதான் சூட்சுமம். பதவியை விட்டுவிட நினைக்கும் ஆண்டில், தனக்குப் பின் வர வேண்டியவரைக் கூப்பிட்டு அவரிடம் கெண்டியை நீட்டுவார். அவர் வாங்கி ஊற்றினால் அவர்தான் அடுத்த தலைவர். விட மனமில்லாத ஆண்டில் தலைவர் தானே குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொள்வார்.

அப்போதைய தலைவர், மைமூன் லாத்தாவின் புருஷன் அப்துல் சமது காக்கா வருடா வருடம் குழாயடிக்குத்தான் போனார். நான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்து பாத்திரங்களை உருட்டுவேன்.

பிறர் கைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கா இப்படி அடித்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலையால் வீட்டுக்கு வரும் மரியாதையை நீங்கள் பார்த்ததில்லை. கல்யாணம் என்றால் முதல் தாம்பூலம் மைமூன் லாத்தாவுக்கு. பிள்ளை பிறந்தால் முதலில் அவள் மடியில். நான் ஒரு புதுப் புடவை கட்டிப் போனால் யார் கண்ணிலும் படாது. அவள் சாயம் போன லோஞ்சியைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் எல்லாரும் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவளாவது கொஞ்சம் கர்வமாக இருந்திருக்கலாம். எனக்குத் திட்ட வசதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை.

"நான் தனியாத்தான் பல்கீசு சாப்பிடறேன். இவரு சோத்துல கை வைக்க வேண்டியதுதான், கதவைத் தட்டுறாங்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். எவ்வளவு நாசூக்காகப் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பீர் முகைதீனைச் சாதாரணமாக எடைபோட்டுவிடாதீர்கள். கடைத்தெருவில் வாளி, குடம், கயிறு, கூரைத் தகரம் விற்கிறவர். வாளி விற்றே வயிறு வளர்த்தவர், ஆனால் ஒரு வாளியையும் நிரப்பித் தூக்கியது கிடையாது. மகள் ஷிரினைத் தன்லியினில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மதியம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். எங்கள் இருவருக்கும் ஒரே சஹன். கல்யாணமான மறுநாள் என் மாமியார் அப்படி உட்கார வைத்தது, அப்படியே பழகிப்போனது. மீனில் முள் எடுத்து என் பக்கம் தள்ளுவார். கடைக் கதை பேசுவார். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

இரண்டாயிரத்து எட்டில் புயல் அடித்தது. நர்கீஸ் வந்துபோன மறுநாள் காலையில் தெருவைப் பார்த்தால் அது எங்கள் தெருவாக இல்லை. மரங்கள் குறுக்கே கிடந்தன, தகரங்கள் எங்கெங்கோ சுருண்டு கிடந்தன. மின்சாரம் போனது போனதுதான், வாரக்கணக்கில் வரவில்லை. மோட்டார் ஓடாததால் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. தெருவே பள்ளிவாசல் கிணற்றுக்கு வாளியோடு வந்தது. தமிழர், பர்மியர், சீனர் எல்லாரும் ஒரே வரிசை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. சமது காக்காவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, கை நடுங்குகிறது, இந்தக் கந்தூரியோடு கெண்டியைக் கொடுத்துவிடப் போகிறார் என்பது ஒன்று. டீக்கடை பாசிலுக்குத்தான் கொடுக்கப் போகிறார் என்பது இன்னொன்று. பாசில் நல்ல பையன்தான். ஆனால் அவன் பெண்டாட்டி ருமானாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மைமூன் லாத்தாவுக்கு எழுந்து நின்ற நான், இனி ருமானாவுக்கும் எழுந்து நிற்பதா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழி காட்டியது பள்ளிவாசல் ஆலிம்சாதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் அவர் தலைமையைப் பற்றிப் பேசினார். சன்னல் திறந்திருந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நபிகள் நாயகம் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதைச் சொன்னார். கலீஃபா உமர் பசித்த பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து போனதைச் சொன்னார். டெல்லியில் கை கழுவக்கூட நூறு பேரை வைத்திருந்திருப்பாரே கடைசி பாதுஷா, அவர் இதே ரங்கூனில் கைதியாகக் கிடந்தபோது அவர் கைக்கு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று கேட்டார். உள்ளே யாரோ விம்முவது கேட்டது. நான் விம்மவில்லை. என் மனம் மூட்டையிலேயே நின்றுவிட்டது. முதுகில் மூட்டை தூக்கினால் தலைவர் ஆகலாம், அது ஏன் எனக்கு இதுவரை தோன்றவில்லை?

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓர் அரிசி மூட்டையை என் வீட்டுக்காரர் முதுகில் ஏற்றிவிட்டேன். எங்கள் கட்டடத்தின் உச்சி மாடியில் ரத்தினம்மாள் என்று ஒரு விதவை இருந்தாள். புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்தவர். புயலுக்குப் பிறகு அவளை யாரும் கீழே பார்க்கவில்லை. கலீஃபா இருட்டில், யாருக்கும் தெரியாமல் போனார் என்றுதான் ஆலிம்சா சொன்னார். அவர் ஏற்கெனவே கலீஃபா. இவர் இனிமேல்தானே ஆக வேண்டும்? அதனால் வெளிச்சத்தில் போவதே சரி என்று முடிவு செய்தேன். நானும் பின்னாலேயே ஏறினேன், சாட்சி வேண்டாமா? ஒவ்வொரு மாடியிலும் நின்று, பார்த்துங்க, மூட்டை பாரமா இருக்கா, ரத்தினம்மாக்காவுக்குத்தானே கொண்டுபோறீங்க என்று சத்தமாகக் கேட்டேன். கதவுகள் திறந்தன. நான் நினைத்தபடியே தலைகள் எட்டிப்பார்த்தன.

கலீஃபாவின் ஊரில் மாடிப்படி கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. நாலாவது மாடி திரும்பும் இடத்தில் இவர் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். முகம் கறுத்து, மூச்சு வாங்கியது. கீழே போகலாம் என்று சைகை காட்டினார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒருவர் இரண்டு காலி வாளியோடு இறங்கி வந்தார். சமது காக்கா. நடுங்குகிற கையோடு தினமும் அவர்தான் ரத்தினம்மாளுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாராம். வாளியை ஓரமாக வைத்துவிட்டு மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். என் புருஷனுக்கு வர வேண்டிய பெயரில் பாதியைப் படிக்கட்டிலேயே பிடுங்கிக்கொண்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரத்தினம்மாள் வீட்டுக்குக் கூரை பாதிதான் இருந்தது. நனையாத மூலையில் கட்டிலை இழுத்துப் போட்டு, கால் வீங்கிப் படுத்திருந்தாள். யாரையும் கேட்கக் கூச்சம். பர்மியர்கள் ஆனாதெ என்பார்களே, அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்ற அந்தக் கூச்சத்திலேயே செத்திருப்பாள். என் வீட்டுக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இறங்கும்போது சமது காக்காவின் வாளிகள் இவர் கையில் இருந்தன.

அன்று மாலை கடையிலிருந்து தகரம் வந்தது. ஆணி வந்தது. இவரே ஏறி நின்று அடித்தார். மறுநாள் காலை நான் எழுவதற்குள் கிணற்றடியில் நின்றார். முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால்கனியிலிருந்து தெருவே கேட்கும்படி, என்னங்க, இன்னும் எத்தனை வீட்டுக்குத்தான் தூக்குவீங்க என்று குரல் கொடுப்பேன். இவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். சில நாட்களில் நான் குரல் கொடுப்பதை விட்டுவிட்டேன். யார் பார்க்கிறார்கள், பார்க்கவில்லை என்பதே அவர் புத்தியில் இல்லை. வாங்க ஆள் கிடைக்காத கடைக்காரி மாதிரி நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. பிறகு மாலைக்குப் போயிற்று. ஒரு நாள் ஆறிப்போன சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தவள், வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ரத்தினம்மாக்கா டீக்கு எத்தனை கரண்டி சீனி போடணும்னு தெரியுது. எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல், அது தெரியுமா உங்களுக்கு?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவர் கை கயிறு உராய்ந்து காய்த்திருந்தது.

"நீதானே புள்ளே மூட்டையை ஏத்திவிட்டே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மாத்திரை வாங்கி வருகிறேன் என்று இறங்கினார். கீழே யாரோ பிடித்துக்கொண்டார்கள். மாத்திரை, பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் கிளிப்பில் மாட்டித்தான் மேலே வந்தது.

கெண்டி கைக்கு வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கந்தூரி நாளன்று காலையிலிருந்து மழை. முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். இவருக்காக நான் புதுச் சட்டையும் பட்டு லோஞ்சியும் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். மின்சாரம் இல்லாமல், கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எங்கெங்கோ தேடி வாங்கித் தேய்த்தது. போட்டுக்கொண்டு முன்வரிசையில், சமது காக்கா கண்ணில் படும்படி உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பால்கனிக்கு வந்தேன்.

பாசில் முன்வரிசையில் இருந்தான். இவரைக் காணவில்லை.

சமது காக்கா நடுங்கும் கையால் ஊற்றிக்கொண்டே போனார். கை கழுவிய தண்ணீரை ஏந்தும் படிக்கத்தைப் பிடித்தவர் கூடவே நகர்ந்தார். சஹன்கள் காலியாயின. ஆட்கள் எழுந்தார்கள், அடுத்த வரிசை உட்கார்ந்தது. மூன்றாவது பந்தியும் முடிந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இவர் இன்னும் வரவில்லை. எதிர்ப் பால்கனியில் ருமானா வந்து நின்றாள். தலைமுக்காட்டுக்குச் சரிகை வேறு.

கடைசி ஆளும் எழுந்துவிட்டார். சமது காக்கா கெண்டியோடு நின்று சுற்றும் பார்த்தார். அந்த நேரம் பின்வாசல் வழியாக ஒரு மனிதர் உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு, தோளில் துண்டு, பழைய லோஞ்சி தொடைக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. பக்கத்துச் சந்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரு சீனக் கிழவரின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். நான் தேய்த்துக் கொடுத்த சட்டை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்படியே தரை பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்று நின்றேன்.

சமது காக்கா அவரைக் கூப்பிட்டுக் கெண்டியை நீட்டினார்.

இவர் வாங்கினார். வாங்கி, திரும்பி, கிணற்றைப் பார்த்து நடந்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது, நிரப்பிக்கொண்டு வரச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். முற்றத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அப்படியே அடங்கியது. இத்தனை கந்தூரி பார்த்த மனிதர், அந்தக் கெண்டியை நீட்டினால் என்ன அர்த்தம் என்று மறந்தே போய்விட்டார்.

"நெறஞ்சுதான் இருக்கு, பீரு. வா. என் கைக்கு ஊத்து" என்றார் சமது காக்கா.

இவர் நின்றார். கெண்டியைப் பார்த்தார். நான் இருக்கும் பால்கனியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வந்து ஊற்றினார்.

அன்று ரங்கூனில் என்னைவிடப் பெரிய மனுஷி இல்லை. ருமானா உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். அன்று மாலைக்குள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் என் வீட்டுப் படி ஏறினார்கள். எனக்கு எழுந்து நின்றார்கள். ஒரு புதுத் தாய் தன் குழந்தையை என் மடியில் போட்டாள். காலமெல்லாம் பட்டினி கிடந்தவள் விருந்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எல்லாரும் போன பிறகு மைமூன் லாத்தா வந்தாள். கெண்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள், கூடவே படிக்கத்தையும். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. வயிற்றெரிச்சலில் நாலு வார்த்தை சொல்வாள், பதிலுக்கு நாமும் கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவள் முகம் பளபளவென்று இருந்தது. கல்யாணப் பெண் மாதிரி என்றுகூடச் சொல்லலாம்.

"புளி போட்டுத் தேச்சா நல்லா வெளுக்கும். அப்புறம், கதவுக்குப் பக்கத்துலயே ஒரு செருப்பு போட்டு வச்சிரு, அவருக்கு எந்த நேரமும் கூப்பிட ஆள் வரும்" என்றாள். போகும்போது என் கையைப் பிடித்தாள். "அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும் பல்கீசு. என் மனுசனை எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டே."

தோற்றவள் பேசுகிற பேச்சு என்று நினைத்துச் சிரித்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மதியம் மழை விட்டிருந்தது. நெய்மீன் குழம்பு வைத்து, சஹனில் சோறு பரப்பி, இவருக்காகக் காத்திருந்தேன். பால்கனிக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தேன். இவரைக் காணவில்லை. எதிரே பச்சைக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. அந்தக் கதவு அப்படித் திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே வெளிச்சத்தில் சமது காக்காவும் மைமூன் லாத்தாவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே சஹன். அவருக்குக் கை நடுங்கியதால் அவள் மீனில் முள் எடுத்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். யாரும் அவர்கள் கதவைத் தட்டவில்லை.

கெண்டி இருந்தபோதும் அவள் என் வயிற்றில் நெருப்பை மூட்டினாள். அதை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டும் மூட்டுகிறாள். இந்தப் பொம்பிளைக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் வாய்க்கிறது?

உள்ளே வந்து சஹன் முன்னால் உட்கார்ந்தேன். என் பக்கத்துச் சோற்றில் கை வைத்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஓர் ஆண், மூச்சிரைக்க, பர்மியப் பேச்சில், கெண்டி வீடு இதுதானே என்று கேட்டான்.

ஆமாம், இதுதான் என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழுந்தேன்.